ஐந்து பக்கத்தில் இல்லாத பதில்

வகுப்பில் அவளுக்கு ‘அச்சு’ என்றுதான் பெயர். கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். பேராசிரியை சொல்வதில் ஒரு வார்த்தையைக்கூடக் கீழே விடமாட்டாள். தேர்வு நெருங்கினால் அவள் நோட்டை ஜெராக்ஸ் எடுக்க வரிசை நிற்கும்.

உடலியங்கியல் முதல் தேர்வின் மதிப்பெண் வந்தது. ஜெராக்ஸ் எடுத்த கடைசி பெஞ்சுக்காரிக்கு எழுபத்தொன்று. நோட்டுக்குச் சொந்தக்காரிக்கு இருபத்தெட்டு!

“ஏண்டி அச்சு, உன் நோட்டை நீ படிக்கவே இல்லையா?”

“பத்து தடவை படிச்சேன்டி!”

பள்ளிக்கூடத்தில் நெட்டுரு போட்டே முதலிடம் பிடித்தவள். இங்கே கேள்வித்தாள் ‘ஏன்?’ ‘எப்படி?’ என்று குடைந்தது. அடுத்த தேர்வு மூன்று வாரத்தில். இரண்டும் சேர்த்து நூறு வந்தால்தான் தேர்ச்சி. அதில் எழுபத்திரண்டாவது மதிப்பெண் என்றில்லை, குறைந்தது எழுபத்திரண்டு வாங்காவிட்டால் இந்தப் பாடத்துக்காக ஒரு வருடம் போய்விடும்.

அம்மாவுக்கு அழகு நிலையத்தில் முடி வெட்டும் வேலை. அன்று மாலை வீங்கிய கால்களைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தாள்.

“இன்னைக்கு என்ன பாடம்?”

“ரத்த ஓட்டம்மா.”

“அப்படியா! ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ரத்தம் காலுக்கு இறங்குது, சரி. திரும்ப மேல யாரு தூக்கி விடறா?”

அச்சு வாயைத் திறந்தாள். நோட்டில் இதற்கு ஐந்து பக்கம் இருந்தது. மஞ்சள் கோடு போட்ட இடம்கூடக் கண்ணில் நின்றது. பதில்தான் வரவில்லை.

“இரும்மா, பார்த்துச் சொல்றேன்.”

“பார்த்துச் சொல்றதுக்கு நீ எதுக்கு? நானே பார்த்துக்க மாட்டேனா!”

அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அச்சுவுக்குச் சுருக்கென்றது. பத்து தடவையும் கண்தான் படித்திருக்கிறது. தலைக்குள் ஒன்றும் போகவில்லை.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் நூலகத்தில் நோட்டை மூடி வைத்தாள். வெள்ளைத் தாளில், நினைவிலிருந்து மட்டும் எழுதிப் பார்த்தாள். நான்கே வரி! நோட்டைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்த்தாள். இரண்டு நாள் கழித்து அதே பாடத்தை மறுபடி எழுதினாள். பதினொரு வரி வந்தது. கையெழுத்து கோழி கிளறிய மண்ணாகிப் போனது. அவள் கவலைப்படவில்லை.

அந்த வாரக் கடைசியில் அம்மாவைப் பிடித்து உட்கார வைத்தாள்.

“கேட்டியே, கேட்டுக்கோ. நீ நடக்கும்போது கெண்டைக்கால் சதை இறுகி, ரத்தத்தை மேல தள்ளுது. குழாய்க்குள்ள குட்டிக் குட்டிக் கதவு இருக்கு. ஏறினது இறங்காம அது சாத்திக்கும். நீ நாள் முழுக்க ஒரே இடத்துல நின்னா, தள்ள ஆளில்லை. அதான் வீக்கம்.”

“அடேயப்பா! டாக்டர்கூட எனக்கு இப்படிச் சொன்னதில்லைடி.”

மறுநாளிலிருந்து அம்மா நாற்காலியைச் சுற்றிச் சுற்றி நடந்து முடி வெட்டினாள். வந்தவர்களுக்குத் தலை சுற்றியது.

இரண்டாம் தேர்வின் முடிவு வந்ததும் அச்சு தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எழுபத்தாறும்மா!”

அந்தப் பக்கம் கத்தரிக்கோல் நின்றது. “என் பொண்ணு எழுபத்தாறு!” என்று அம்மா கடை முழுக்கக் கேட்கும்படி கூவினாள். பிறகு தாழ்ந்த குரலில், “ஆமா, மிச்சம் இருபத்துநாலு எங்கடி போச்சு?” என்றாள்.

முன்பென்றால் அச்சு முழித்திருப்பாள்.

“சிறுநீரகத்துல பதினாறு, நரம்புல எட்டு. ரெண்டுலயும் எங்க தடுக்குதுன்னு தெரியும்மா. சாயந்தரம் சீக்கிரம் வா, உனக்குப் பாடம் இருக்கு.”