அடுப்பு வாய்க்கு யார்?

எங்கள் பிஸ்கட் தொழிற்சாலையில் யார் எந்த இடத்தில் நிற்பது என்று தினமும் காலையில் பலகையில் எழுதுகிறவன் நான். ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலம் போடுவது சுகமான வேலை. அடுப்பு வாயில் நின்று சூடான தட்டுகளைத் தூக்கி வண்டியில் அடுக்குவதுதான் இருப்பதிலேயே கொடுமை. அந்த இடத்துக்கு மூன்று வருடமாக ஒரே பெயரைத்தான் எழுதினேன். என் மனைவியின் பெயர்.

காரணம், அவளோடு வேலை செய்யும் பட்டாசு என்கிறவள். பட்டாசுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு, அதைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை. நான் மேற்பார்வையாளர் ஆன முதல் நாள் மனைவியை ஜன்னலோரம் போட்டேன். "சார் வீட்டம்மாவுக்குக் காத்து வேணும்ல!" என்றாள் பட்டாசு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? மறுநாளே மனைவியை அடுப்பு வாய்க்கு மாற்றினேன். என்னை ஒருத்தரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக அவள் வெந்தாள்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. போன வருடம் வலது மணிக்கட்டு வீங்கியது. இந்தக் கையால் பாரமே தூக்கக் கூடாது, தூக்கினால் கை மடங்காமல் போய்விடும் என்றார் டாக்டர். சாயங்காலம் நான் தைலம் தேய்த்துவிடுவேன். காலையில் அதே கைக்கு அடுப்பு வாயை எழுதுவேன். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற பிழைப்பு. ஆனால் இரண்டே மாதத்தில் வீக்கம் வடியத் தொடங்கியது. தைலக் கடைக்காரரிடம் போய், "உங்க சரக்கு அமிர்தம்ங்க" என்று பாராட்டிவிட்டு வேறு வந்தேன்.

அடுப்பு மதியம்வரைதான் எரியும். அந்த நேரமெல்லாம் நான் மாடி அலுவலகத்தில் இருப்பேன். இறங்கும்போது இரும்புப் படியில் என் பூட்ஸ் போடும் சத்தம் எல்லாருக்கும் கேட்கும். நேற்று பூட்ஸின் அடி பிய்ந்துவிட்டதால் ரப்பர் செருப்போடு இறங்கினேன்.

அடுப்பு வாயில் பட்டாசு நின்றாள். என் மனைவி ஜன்னலோரம் பொட்டலம் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பலகையில நான் என்ன எழுதியிருக்கேன்?" என்று கத்தினேன்.

பட்டாசு தட்டை வைத்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆறு நாள், ஆறு பெயர், அடுப்பு வாய்க்கு ஆளுக்கொரு நாள். சனிக்கிழமைக்கு நேராக என் மனைவியின் பெயர்.

"அக்கா பேரு வேணாம்னுதான் சொன்னோம். தனக்கும் ஒரு நாள் போட்டாதான் ஜன்னலோரம் வந்து உக்காருவேன்னுட்டாங்க."

"எத்தன மாசமா?"

"கை வீங்குனதுலருந்து. உங்க பூட்ஸ் சத்தம் கேட்டா ஓடி வந்து நின்னுக்குவாங்க." பட்டாசின் குரல் இறங்கியது. "அன்னிக்கு வாய்க்கொழுப்புல ஒரு பேச்சு பேசிட்டேன் சார். அதுக்கு அக்கா வேகணுமா?"

தைலக்காரர் ஞாபகம் வந்தது. வெட்கத்தோடு மாடிக்குத் திரும்பி ஏறினேன்.

வீட்டில் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா மாத்தியிருப்பீங்க. நாலு பேர் பேசுவாங்க. நீங்க சாப்பிடாம படுத்துக்குவீங்க."

"எம்மேல கோவமே வரலியா?"

"வராம என்ன? ரொம்ப வந்துச்சு. ஆனா மத்தவங்க பேரெல்லாம் மளமளன்னு எழுதுவீங்க. என் பேருகிட்ட வந்தா மட்டும் சாக்பீஸ் நின்னுடும். தெனமும் அதப் பாத்துக்கிட்டுதான் நிப்பேன்."

அழுதேன். அதை மறைப்பானேன்?

இன்று காலை அலமாரித் தாளைப் பார்த்து வாரம் முழுவதற்கும் அப்படியே பலகையில் எழுதினேன். ஜன்னலோரம் என் மனைவியின் பெயர். சனிக்கிழமை அடுப்பு வாய்க்கு மட்டும் அவள் பெயருக்குப் பதிலாக என் பெயர். சாக்பீஸ் ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"ஐயோ, சாருக்குக் கை வீங்கிடுமே!" என்றாள் பட்டாசு.

"வீங்கட்டும்," என்றாள் என் மனைவி, எல்லாருக்கும் கேட்கும்படி. "தைலம் தேச்சுவிட நான் இருக்கேன்."