தேதி போடாத கடிதம்

மன்றச் செயலாளர் அந்தக் காகிதத்தை இரண்டாம் தடவை படித்தபோதுதான் அது தன் கடிதம் என்று மேயருக்கு உறைத்தது. முதல் தடவை படித்தபோது, எவனோ ராஜினாமா செய்கிறான், விட்டது சனியன் என்று மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“‘மேயர் பதவியை இன்று முதல் நான் ராஜினாமா செய்கிறேன்.’ கீழ கையெழுத்து. தேதி இன்னைக்குத் தேதி,” என்றார் செயலாளர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். “காலையில என் மேஜைக்கு வந்துச்சு. கவர் மேல அனுப்புனவங்க பேரு இல்ல.”

மண்டபத்தில் நாற்பத்திரண்டு உறுப்பினர்களும் மேயரைத் திரும்பிப் பார்த்தார்கள். மேயர் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் ஒரு காலத்தில் பஸ் கண்டக்டர். ஏறுகிறவர்கள் படியில் கால் வைப்பதற்குள் டிரைவர் வண்டியை எடுத்தால், காது கிழிகிற மாதிரி ஊதி நிறுத்திவிடுவார். அதனால் ‘விசில்’ என்று பேர் விழுந்தது. பிறகு யூனியன் செயலாளர், வார்டு உறுப்பினர், மேயர். மூன்று தடவை மேயர். முதல் இரண்டு தடவை சனங்கள் மனசார ஓட்டுப் போட்டார்கள். மூன்றாம் தடவை எப்படி ஜெயித்தார் என்று கேட்டால் அவர் கட்சிக்காரனே பேச்சை மாற்றுவான்.

முதல் தடவை ஜெயித்த அன்றைக்கு, ஊர்வலம் முடிந்த கையோடு அக்கா வீட்டுக்குப் போனார். தாய் தகப்பன் இல்லாத அவரை ஆளாக்கியவள் அக்கா. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் முப்பது வருஷம் படுக்கை விரிப்பு துவைத்தவள்.

“நாற்காலியில உக்காந்தவன் எவன்டா மாறாம இருந்தான்? நீயும் மாறுவ,” என்றாள் அக்கா.

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. காகிதம் எடுத்தார். ராஜினாமா எழுதினார், கையெழுத்துப் போட்டார், தேதி இடத்தை மட்டும் காலியாக விட்டு நீட்டினார். “இந்தா. நான் இந்த ஊருக்குத் துரோகம் பண்ணிட்டேன்னு உனக்கு என்னைக்குத் தோணுதோ, அன்னைக்கு நீயே தேதி போட்டுக் குடுத்துடு.”

“எனக்கு எழுதத் தெரியாதேடா.”

“நம்பர் தெரியுமில்ல? விரிப்புல போடுறியே, அது போதும்.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அவருக்கு அது விளையாட்டு; பதினாலு வருஷத்தில் மறந்தே போனார். அக்கா அதை மடித்துத் துணிப்பெட்டியில் அடியில் வைத்தாள்.

இப்போது செயலாளர் அந்தக் காகிதத்தை அவர் பக்கம் திருப்பிப் பிடித்தார். எழுத்தெல்லாம் வெளிறிக் கிடந்தது. தேதி மட்டும் கன்னங்கரேலென்று இருந்தது. ஆஸ்பத்திரித் துணிக்கு நம்பர் போடுகிற மை அது, எத்தனை தடவை வெளுத்தாலும் போகாது. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு, ஒன்றோடு குழம்பிவிடக்கூடாது என்று. அக்கா அப்படி ஏழு போடுவதை அவர் சின்ன வயசிலிருந்து பார்த்து வளர்ந்தவர்.

நிமிர்ந்தார். மாடியில் பார்வையாளர் வரிசையில், பையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள்.

அவளா? எதிரி குத்தினால் தடுக்கத் தெரியும். இதை எந்தக் கையால் தடுப்பது?

ஏன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்கா தெருவின் தலைமாட்டில் நிற்கிறதே தண்ணீர்த் தொட்டி, அது அவர் இரண்டாம் தடவை மேயராக இருந்தபோது கட்டியது. அடியில் கல்லில் அவர் பெயர் இருக்கிறது. போன வாரம் இன்ஜினியர் அறிக்கை கொண்டுவந்தார்: இரண்டு தூணில் விரிசல், உள்ளே கம்பி துருப்பிடித்துவிட்டது, தண்ணீரை இறக்க வேண்டும், கீழே இருக்கிற நாற்பது வீட்டையும் காலி செய்ய வேண்டும். தேர்தலுக்கு இரண்டு மாசம்.

“பூசி வெள்ளையடிச்சு வை. தேர்தல் முடியட்டும்,” என்றார் மேயர்.

“பூசினா விரிசல் மறையும் ஐயா. போகாது,” என்றார் இன்ஜினியர்.

அறிக்கை இழுப்பறைக்குப் போனது. இரண்டு நாளில் பூச்சும் வெள்ளையும் முடிந்தன. அன்றைக்கே மேயர் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

“அக்கா, ரெண்டு மாசம் என் வீட்டுல வந்து இரு.”

“எதுக்கு?”

“சும்மாதான். உனக்கு வயசாகுதுல்ல.”

“பதினாலு வருஷமா வயசாகலையா?”

மேயர் ஒரு கணம் மேலே பார்த்துவிட்டார். அந்த ஒரு பார்வைதான் தப்பு. அக்காவும் மேலே பார்த்தாள். புது வெள்ளையோடு தொட்டி நின்றது.

“எதிர்வீட்டுக்காரியும் அவ பிள்ளைங்களும் வரட்டுமா?” என்றாள்.

“அவங்க எதுக்கு?”

“அப்ப சரி,” என்றாள் அக்கா.

மறுநாள் அவர் பத்திரிகைக்காரர்களிடம், தொட்டி இன்னும் நூறு வருஷம் நிற்கும் என்று சொன்னார். பேப்பரில் வந்த அதை எதிர்வீட்டுக்காரிதான் அக்காவுக்குப் படித்துக் காட்டியிருக்க வேண்டும்.

“ஐயா,” என்றார் செயலாளர். “இது உங்க கையெழுத்துதானா? ஆமான்னா, இந்த நிமிஷத்துலேருந்து நீங்க மேயர் இல்ல.”

“சொல்லுங்கண்ணே, சும்மா சொல்லுங்க,” என்றார் துணை மேயர், தேன் ஒழுக. சத்தமில்லாமல் நடப்பதால் அவருக்குப் பூனை என்று பேர். பத்து வருஷமாக அந்த நாற்காலிக்குப் பக்கத்திலேயே படுத்துக் கிடக்கிற பூனை.

“ஞாபகம் வரலன்னா ஒரு விசில் ஊதச் சொல்லுங்கப்பா, வந்துரும்,” என்றது எதிர்வரிசையிலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது.

மாடியில் அக்கா எழுந்தாள். “நான் வீட்டுக்குப் போறேன் தம்பி,” என்றாள். சிரிப்பு அடங்கிப்போனது. “என் வீட்டுக்கு.”

அவள் திரும்பிப் படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். மேயர் சுவரோரம் நின்ற இன்ஜினியரைக் கண்ணால் தேடிப் பிடித்தார்.

“தொட்டியில இப்ப எவ்வளவு இருக்கு?”

“ததும்ப இருக்குது ஐயா. பன்னெண்டு மணிக்குத்தான் ஊருக்குத் தண்ணி திறப்போம்.”

“இப்பவே இறக்கணும். தெருவையும் காலி பண்ணணும். அந்த அறிக்கை என் மேஜையில மூணாவது இழுப்பறையில இருக்கு. நான்தான் ஒளிச்சு வச்சேன்.”

அதே தெருவைச் சேர்ந்த வார்டு உறுப்பினர் எழுந்தார், தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“இது உத்தரவா?” என்றார் செயலாளர். “அப்ப கடுதாசிக்கு முதல்ல பதில் சொல்லுங்க. அது உங்களோடதுன்னா இந்த உத்தரவு செல்லாது.”

“செல்லாட்டி என்ன, நான் பாத்துக்குறேன்,” என்றார் பூனை. “ஒரு கமிட்டி போட்டு, அடுத்த மாசத்துக்குள்ள—”

“அது என் கையெழுத்து இல்ல,” என்றார் மேயர்.

படியில் இறங்கிக்கொண்டிருந்த செருப்புச் சத்தம் நின்றது. பிறகு மறுபடி இறங்கியது.

மேயர் உத்தரவை எழுதினார். பேனா இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்தது. கையெழுத்துப் போட்டு நீட்டினார். இன்ஜினியர் வாங்கவில்லை, பிடுங்கினார். செயலாளர் குறுக்கே கை நீட்டி நிறுத்தி, பதிவுக்காக அதைக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தார். இரண்டு கையெழுத்துக்கும் கடைசியில் ஒரே வால், ஒரே கொக்கி. செயலாளர் அதைப் பார்த்தார், மேயரைப் பார்த்தார். உத்தரவை இன்ஜினியரிடமே திருப்பிக் கொடுத்தார். இன்ஜினியர் ஓடினார்.

“உத்தரவ எத்தன மணிக்குப் போட்டேன்?” என்றார் மேயர்.

“பதினொண்ணு நாப்பது.”

“எழுதிக்குங்க. இப்ப மணி என்ன?”

“நாப்பத்திரெண்டு.”

“இப்ப மறுபடியும் கேளுங்க.”

செயலாளர் கேட்டார்.

“என் கையெழுத்துதான்,” என்றார் மேயர்.

வாசலில் டிரைவர் கார்க் கதவைத் திறக்கவில்லை. “இப்பத்தான் போன் வந்துச்சு ஐயா, வண்டிய அங்கயே நிறுத்துன்னு,” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். விசில், அக்கா தெருவுக்கு ஒரு பஸ்ஸைப் பிடித்துப் போனார்.

தெருவில் தண்ணீர் கணுக்கால் அளவு ஓடியது. வால்வு முழுசாகத் திறந்திருந்தது. சனங்கள் மூட்டையும் குழந்தையுமாகத் தெருமுனைக்கு ஓடினார்கள். அவரைக் கண்டதும் சிலர் நின்று முறைத்துவிட்டு மறுபடி ஓடினார்கள். தூணில் பூச்சு ஒரு பாளமாக உரிந்து விழுந்திருந்தது. உள்ளே இருந்த பிளவில் கை நுழையும். அவர் அறிக்கையில் படித்ததுதான். கண்ணால் பார்த்ததும் அக்கா வீட்டுக்கு ஓடினார்.

அக்கா தன் வீட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“எந்திரி அக்கா. வெளிய வா.”

“சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன். முதல்ல பொய், அப்புறம் நெஜம்.”

“எனக்குப் பொய்தான் கேட்டுச்சு,” என்றாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தாள். எதிர்வீடு திறந்து கிடந்தது, ஆள் இல்லை. அதைப் பார்த்த பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

“நான் இந்தத் தெருவுல குடியில்லன்னா சொல்லியிருப்பியா, தம்பி?”

ஓடுகிற பஸ்ஸை ஊதி நிறுத்திய வாய் திறந்தபடி நின்றது. அதிலிருந்து காற்றுகூட வரவில்லை. அக்கா தண்ணீரில் காலை அளந்து வைத்து, எதிர்வீட்டுக்காரி நின்ற தெருமுனைக்கு நடந்தாள்.