கத்தேருக்கு வந்த ராட்டை

கல்கத்தாவில், கிடர்பூர் துறைமுக வாசலில் தமயந்தியும் ஒன்பது பெண்களும் தரையில் உட்கார்ந்து இட்லி விற்றார்கள். மூட்டை தூக்கியே செத்துப்போனவர்களின் பெண்டாட்டிகள். யாரிடமும் கை நீட்டாமல் எட்டு வருஷமாகப் பத்து வீட்டிலும் அடுப்பு எரிந்தது. எழுபத்தாறில் புது உத்தரவு வந்தது: துர்கா பூஜைக்குப் பிறகு தள்ளுவண்டி இருந்தால்தான் வாசலில் இடம். வண்டிக்குச் சக்கரம் கேட்டுத் தமயந்தி அலிப்பூருக்குப் போனாள்.

அங்கேதான் உலகத்து ஏழைகளை மொத்தக் குத்தகைக்கு எடுத்திருந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்று பெரிய பங்களாவில் இருந்தது. அதிகாரி சௌந்தரராஜன் தமிழர்தான். டெல்லியிலிருந்து வந்து மூன்று மாதம். வங்காளத்தில் ஒரு சொல் தெரியாது.

"வாயால சொல்லாதீங்கம்மா. எங்க ஆபீஸ்ல காகிதம் பேசினாத்தான் காது கேக்கும். இங்கிலீஷ்ல எழுதுங்க" என்று படிவத்தை நீட்டினார்.

'என்ன வேண்டும்?' என்ற கட்டத்தில் 'வீல்ஸ்' என்று தமயந்தி எழுதினாள். 'யாருக்காக?' அங்கேதான் வினை. வாடிக்கைக்காரருக்கு வங்காளத்தில் கத்தேர் என்று பேர். கிடர்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமயந்தி அது இங்கிலீஷ் சொல் என்றே நினைத்திருந்தாள். அதையே இங்கிலீஷ் எழுத்தில் அழகாக எழுதிவிட்டாள். சௌந்தரராஜன் அதைக் 'கத்தர்' என்று படித்தார். வடக்கே கதர்த் துணிக்கு அதுதான் பேர். கதருக்குச் சக்கரம் என்றால் வேறென்ன?

மகாளய அமாவாசை கழிந்த மறுநாள், கனத்த மரப்பெட்டிகளில் பத்து ராட்டைகள் லாரியில் வந்து இறங்கின. கூடவே வெள்ளைக்கார டைரக்டர், மாலை, போட்டோக்காரர். சொந்தக் காலில் நிற்பது எப்படி என்று டைரக்டர் அந்தப் பத்துப் பெண்களுக்கும் முக்கால் மணி நேரம் விளக்கினார். அவர்கள் நின்றுகொண்டேதான் கேட்டார்கள்.

"சார், நான் கேட்டது வண்டிச் சக்கரம்!" என்று தமயந்தி சௌந்தரராஜனைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் சக்கரம்தானேம்மா? சாங்ஷன் ஆயிடுச்சு. திருப்பி எடுத்துக்க எங்ககிட்ட படிவமே கிடையாது."

"நூல் நூக்கத் தெரியாதே சார்!"

"அதுக்குத் தனி ஸ்கீம் வரும்."

தமயந்திக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது. வாசலில் இடம் போக இன்னும் பத்தே நாள்.

மறுநாள் காலை இட்லிக்கு வந்த கைவண்டிக்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரித்து முடித்துப் போனவர்கள் சாயங்காலம் ஒரு ஜோடிப் பழைய சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்தார்கள். "நீ போயிட்டா காலையில நாங்க எங்க சாப்பிடறது, மாயி?" என்று இந்தியில் கேட்டார்கள். ராட்டை வந்த பெட்டிகளை உடைத்துப் பலகையாக்கினார்கள். நிறுவனம் கொடுத்ததில் உருப்படியாகத் தேறியது அதுதான். இரண்டு நாளில் தள்ளுவண்டி தயார். ராட்டைகளின் மேல் ஈரப் புடவை காய்ந்தது.

பூஜை முடிந்து சௌந்தரராஜன் கோப்போடு வந்தார்.

"சக்கரம் சுத்துதாம்மா?"

"நல்லாச் சுத்துது சார். கத்தேருக்காகத்தான் சுத்துது."

எதிரே நின்ற வண்டியை ஏறிட்டும் பார்க்காமல், 'திட்டம் வெற்றி' என்று எழுதிக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் ஆறு இட்லி தின்றுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறப்போனார்.

"சார், இட்லிக்குக் காசு?"

"காசா? நாங்க யாருன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். இன்னிக்கு நீங்களும் எங்க கத்தேர்."

"கத்தேர்னா?"

"காசு குடுத்துச் சாப்பிடறவங்க சார்."