மூங்கில் சுணை

'மாமா!'

அந்த ஒற்றைச் சொல்தான் பவானேஸ்வரியை எரித்தது.

புக்கிட் காத்தில் என்ற ஊரின் கோயில் மண்டபத்தில் ஒத்திகை தொடங்கியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். குருபோங் வட்டாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் திவ்யதர்ஷினி, நாடகக் குழுவில் எல்லோரையும் 'அண்ணே' என்கிறாள். தூதுவனாக நடிக்கும் தலை நரைத்த முனுசாமியும் அவளுக்கு அண்ணேதான். பரமேஸ்வரன் மட்டும் மாமா! பவானேஸ்வரி கல்யாணமான நாள் முதல் தன் புருஷனான அவரைக் கூப்பிடும் அதே சொல்.

பரமேஸ்வரன் ஒரு கிரேக்கக் கதையைத் தமிழ் மேடைக்குக் கொண்டுவந்திருந்தார். போரில் வென்ற வீரன் ஓர் இளம்பெண்ணைச் சிறைபிடித்து வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவிக்குப் பொறுக்கவில்லை. எப்போதோ கிடைத்த வசிய மருந்தைச் சால்வையில் தடவிப் புருஷனுக்குக் கொடுத்தனுப்புகிறாள். அது விஷம். போர்த்தியவன் உடம்பு பற்றி எரிகிறது. அந்த வேதனையை மேடையில் காட்டக்கூடாது, உள்ளே அலறல் கேட்க வேண்டும், தூதுவன் வந்து சொல்ல வேண்டும், அதுதான் அந்தக் காலத்து முறை என்பார் பரமேஸ்வரன்.

மருந்து கொடுப்பவனை மலாய் மந்திரவாதியாக, ஒரு போமோவாக மாற்றச் சொன்னதே பவானேஸ்வரிதான். நம்ம சனங்களுக்கு அப்போதுதான் உறைக்கும் என்றாள். வசனம் வசனமாகத் திருத்தினாள். வீரன் வேஷம் பரமேஸ்வரனுக்கு என்பதால், மனைவி வேஷம் தனக்குத்தான் என்றிருந்தாள். அது திவ்யதர்ஷினிக்குப் போயிற்று.

"உனக்குத்தான் தையல் வேலை இருக்குலா," என்றார் பரமேஸ்வரன், முகத்தைப் பார்க்காமல்.

தையல்தானே? தைத்தாள். சிவப்புச் சால்வைக்குச் சரிகை வைத்தாள். பிறகு வீட்டுக்குப் பின்னாலிருந்த மூங்கில் புதருக்குப் போனாள். ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவளுக்குச் சுணை தெரியாதா? கண்ணுக்குத் தெரியாத பொடி முள். மேலே பட்டால் தோலை உரித்துப் போட்டுவிடலாம் போல அரிக்கும். ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு சுரண்டி, சால்வையின் உள்பக்கம் தூவினாள். எனக்குத் தினமும் எரிகிறதே, அவருக்கும் ஒரு நாள் எரியட்டும்.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிரம்பி வழிந்தது.

மேடையில் திவ்யதர்ஷினி சால்வையை மடித்து முனுசாமியிடம் கொடுத்தாள். அவர் அதை எதிர்ப்பக்கத் திரைக்குப் பின்னால், பரமேஸ்வரனிடம் கொண்டுபோனார். அவள் மணிக்கட்டைச் சொறிந்தபடி இந்தப் பக்கம் வந்து, பவானேஸ்வரி அருகில் நின்றாள். பவானேஸ்வரி இதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசியதே இல்லை.

"கையெல்லாம் அரிக்குது அத்தை."

"யாருக்கு யாரு அத்தை?"

"நீங்கதான். எங்கப்பா இருளாண்டி உங்கள அக்கான்னுதானே சொல்வாரு? அத்தை வீட்டுக்காரர் எனக்கு மாமாதானே?"

இருளாண்டி! தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பக்கத்து வீடு. அக்கா அக்கா என்று பின்னாலேயே சுற்றியவன். அந்த 'மாமா' தன் வழியாகப் போன முறையா?

பவானேஸ்வரி மேடையின் பின்புறமாக ஓடினாள். பாதி வழியிலேயே கேட்டது அலறல். ஒத்திகையில் ஒரு நாளும் கேட்காத அலறல். மண்டபம் கைதட்டியது. முனுசாமி மேடைக்குப் போய், வீரன் எரிகிறான் என்று சொல்லத் தொடங்கினார்.

பரமேஸ்வரன் சால்வையைப் பிய்த்து எறிந்திருந்தார். கழுத்தெல்லாம் தடிப்பு. பின்னாலேயே ஓடிவந்த திவ்யதர்ஷினியின் சிவந்த மணிக்கட்டை எட்டிப் பிடித்தார்.

"மடிச்சுக் கொடுத்தது நீதானே? யார் சொல்லிச் செஞ்ச?"

அவள் திரும்பி அத்தையைப் பார்த்தாள். பவானேஸ்வரியின் கைகளில் ஒரு தடிப்புகூடக் கிடையாது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நாளை முதல் இந்தப் பெண் குழுவில் இருக்க மாட்டாள்.

பவானேஸ்வரி குனிந்து சால்வையை எடுத்தாள். உள்பக்கம் கழுத்தில் படும்படி இறுக்கிப் போர்த்திக்கொண்டாள்.

நாடகத்தை எழுதிய பரமேஸ்வரனுக்கு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் வெளிறியது.

"அவ கைய விடுங்க, மாமா."