முயலுக்குப் போட்ட கோலம்

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கையோடு, புல் வெட்டுகிறேன் பேர்வழி என்று ஹெர்பர்ட் கொல்லையில் இறங்கியதுதான் வினை. அரிவாள் பட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, புல்லுக்குள் இரண்டு முயல் குட்டிகள். கண்ணைத் திறந்தபடி, காதை மடக்கிக்கொண்டு, ஆடாமல் அசையாமல் கிடந்தன.

"பிரிஸில்லா, இங்க வந்து பாரேன்."

ஹெப்பகோடியில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை, அதைத் தாண்டினால் தைல மரங்கள். எங்கே தேடியும் தாயின் வால்கூடத் தென்படவில்லை.

"பச்சைக் குட்டிங்கள விட்டுட்டுப் போக எப்படித்தான் மனசு வந்துச்சோ? இதெல்லாம் ஒரு தாயா?"

சொன்ன பிறகுதான் மனைவியின் முகத்தைப் பார்த்தான். பிரிஸில்லா இடுப்பில் கைக்குழந்தை க்ளென்னுடன் நின்றாள். பேறுகால விடுப்பு முடிந்து, மறுநாள் அவள் ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குத் திரும்ப வேண்டும்; பகலில் பிள்ளையை ஹெர்பர்ட் பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சில நாட்களாக அவள் தன்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வியை இந்த மனுஷன் ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டுவிட்டான்.

"நான் முயலைச் சொன்னேன்."

"யாரு இல்லேன்னா?" உள்ளே போய்விட்டாள். அன்று மதியம் குழம்பில் உப்பு இல்லை. கேட்கும் தைரியம் ஹெர்பர்ட்டுக்கும் இல்லை.

வாயால் கெடுத்ததைப் பாலால் சரிக்கட்டலாம் என்று க்ளென்னின் பால் புட்டி ஒன்றைக் கழுவி வைத்தான். எவ்வளவு கொடுக்கலாம் என்று கேட்க, காட்டு விலங்குகளை மீட்கிறவர்களுக்குப் போன் போட்டான். எடுத்தவள் பெயர் அதிதி.

"ஸார், முட்டபேடி!" என்றாள் எடுத்த எடுப்பில்.

கல்யாணத்துக்குப் பிறகு வேலூரிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்தவன் ஹெர்பர்ட். அவனுடைய கன்னடம் பஸ் கண்டக்டரைத் தாண்டியதில்லை.

"முட்டாதுங்க மேடம். முயலுக்குக் கொம்பு ஏது?"

"தொடாதீங்கன்னு சொன்னேன் ஸார்." அதிதி தமிழுக்கு மாறினாள். "பால் கீல் குடுத்துடாதீங்க, செத்துடும். அது காட்டு முயல், வீட்ல வளக்கவும் கூடாது. தாய் எங்கயும் ஓடிப் போகல. பகல்ல கூடவே இருந்தா அதோட வாசனைக்கு நாய், கீரியெல்லாம் வந்துடும். அதான் தள்ளியே இருக்கும். இருட்டினதும் வந்து பால் குடுத்துட்டுப் போயிடும். நம்பிக்கை இல்லன்னா சுத்தி மாவு தூவி வைங்க, காலைல தடம் தெரியும்."

இத்தனையையும் அவன் சமையலறைக்குக் கேட்கும்படி திரும்ப ஒப்பித்தான். உள்ளே பாத்திரங்கள் தடதடத்தன. பிறகு பிரிஸில்லா எட்டிப் பார்த்தாள்.

"தூவுங்க. அது வரலன்னா நாளைக்கு நானும் போகல."

பக்கத்து வீட்டு ஜெயலக்ஷ்மியிடம் போய் நின்றான்.

"கோலமாவா? உங்க வீட்லயா?"

"முயலுக்குக்கா."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அரிசி மாவு டப்பாவைக் கொடுத்தாள். குட்டிகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டான். மாவு மீந்தது. கை சும்மா இருக்காமல் ஓரத்தில் ஒரு சிலுவையும் போட்டது. வந்துடு தாயே என்று அந்த முயலை மனசார வேண்டிக்கொண்டான்.

விடிந்ததும் ஓடினான். வட்டம் ஒரு பக்கம் கலைந்திருந்தது. உள்ளே வந்த தடம், வெளியே போன தடம், இரண்டும் மாவில் அச்சாக இருந்தன. குட்டிகளின் வயிறு உப்பியிருந்தது. அவனுக்குத் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது. அப்போதுதான் சிலுவையின் மேல் இன்னொரு தடத்தைப் பார்த்தான். வெறும் காலின் தடம், ஐந்து விரலும் பதிந்திருந்தது.

உள்ளே பிரிஸில்லா தலை பின்னி, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தாள். பாதமெல்லாம் மாவு.

"வந்துடுச்சு" என்றான்.

"பாத்தேன்." சிரித்தாள், கண் கலங்கியிருந்தது. க்ளென்னை முத்தமிட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தெருவில் இறங்கினாள்.

க்ளென் வீடு அதிர அழுதான். சத்தம் கேட்டு ஜெயலக்ஷ்மி வந்துவிட்டாள்.

"பச்சப் புள்ளைய விட்டுட்டா போயிட்டா?"

ஹெர்பர்ட் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, மாவு டப்பாவை எடுத்து அவளிடம் நீட்டினான்.

"இருட்டுறதுக்குள்ள வந்துடுவாக்கா. இதுக்கு மாவெல்லாம் வேணாம்."