முழங்கை வரை

மல்லிகை மிதந்த நீரைச் சின்னக் கிண்ணத்தில் மொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டிருந்தாள் பிம்ஜை. பௌத்த விகாரைக் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் வலது கை மட்டும் வெள்ளைத் துணிக்கு வெளியே நீண்டிருந்தது. அதன் மேல் நீர் ஊற்றி, தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைக்கு மன்னிப்புக் கேட்டு நகர்ந்தார்கள். சித்தப்பா வீரட் மட்டும் வாசல் தூணை விட்டு அசையவில்லை.

கொளுத்துகிற வெயிலில் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் உட்பட; வலது கை கால்சட்டைப் பைக்குள். டயர் அரைக்கும் பட்டறையில் பனியனைத் தவிர வேறு அறியாத மனுஷனுக்கு இன்றைக்கு என்ன வந்தது?

முந்தாநாள் ராத்திரி பட்டறைக் கிடங்கில் டயர்த் தூள் மூட்டைகள் உள்ளுக்குள்ளேயே கனன்று புகைந்தன. உள்ளே படுத்திருந்த அப்பா புகையில் சிக்கிச் செத்தார். கூலிக்காரர்கள்தான் இழுத்து வெளியே போட்டார்கள். சித்தப்பா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். போலீஸிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "அண்ணன்தான் கைவிட்டுப் பார்த்தாரு. ஆறிடுச்சு, மூட்டை கட்டுன்னாரு."

கைவிட்டுப் பார்ப்பது பற்றிப் பிம்ஜைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாக அரைத்த தூள் மேலே சாதுவாக இருக்கும். வயிற்றில் நெருப்பை வைத்திருக்கும். குவியலுக்குள் முழங்கை வரை கையை நுழைக்க வேண்டும். சுட்டால் தரையில் பரப்பி ஆறவிட வேண்டும். அப்பாவின் கையைக் காலையிலிருந்து எத்தனையோ முறை பார்த்துவிட்டாள். அந்தக் குவியலில் விட்டிருந்தால் வெந்திருக்கும்; ஒரு கொப்புளம் இல்லை. அப்படியானால் இந்த மனுஷன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்.

"வாங்க தம்பி, எல்லாரும் ஊத்தியாச்சு," என்று அம்மா கூப்பிட்டாள்.

வந்தவர் இடது கையை நீட்டினார்.

"அப்பாவுக்கு இடது கையாலயா சித்தப்பா?"

"வலது கை சுளுக்கிடுச்சு பாப்பா."

"காட்டுங்க, நீவி விடறேன்."

அவர் பின்வாங்குவதற்குள் கையைப் பைக்குள்ளிருந்து இழுத்து, பொத்தானைக் கழற்றிச் சட்டையைச் சுருட்டினாள். விரல் நுனியிலிருந்து கொப்புளங்கள். முழங்கையில் கோடு போட்டது போல நின்றுவிட்டிருந்தன.

"தீயில பட்டதுன்னு சொல்லிடாதீங்க. நீங்க அணைக்கவே வரலை," என்றாள், அவருக்கு மட்டும் கேட்கும்படி.

அவர் சட்டைக் கையை இறக்கிவிட்டார். "மறுநாள் காலையில லாரி வர்றதா இருந்துச்சு. பரப்பினா ரெண்டு நாள் போயிடும். அண்ணன் கேட்டாரு... ஆறிடுச்சுன்னு நான்தான் சொன்னேன். அதை நம்பித்தான் கிடங்குக்குள்ள போய்ப் படுத்தாரு."

பாவி, கூடப் பிறந்தவனாயிற்றே! பிம்ஜை கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி அந்த வெந்த கையிலேயே வைத்தாள்.

"ஊத்துங்க. இப்பச் சொன்னதை அவர்கிட்டயும் சொல்லுங்க. சத்தமா."

சித்தப்பா மண்டியிட்டார். "அண்ணே" என்று தொடங்கி அழுதுவிட்டார். வெந்த கையில் கிண்ணம் சரிந்து நீர் முழுக்கப் பாயில் கொட்டிப்போயிற்று.

அம்மா ஓடிவந்து அவர் முதுகைத் தடவினாள். "அழாதீங்க தம்பி. உங்க மேல அவருக்கு என்ன கோவம் இருக்கப்போவுது?" என்றபடி கிண்ணத்தை வாங்கி மறுபடி நிரப்பினாள்.