கண்ணுக்கு ஒரு சொட்டு

அண்ணாந்த முகம், பாதி திறந்த வாய், கூரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்கும் ஒரு கண், அதற்கு மேலே என் விரல்களுக்கு நடுவில் தலைகீழாகத் தொங்கும் சின்னப் புட்டி, சொட்டு விழப்போகிறது, இன்னும் விழவில்லை, ஊத்துய்யா, எம்புட்டு நேரம் என்கிறாள் அம்மா, இது இன்றைய காலையா மூன்று வருடத்துக்கு முந்தைய காலையா என்று எனக்கே குழம்புகிறது, இல்லை, இது இடது கண், போன வாரம் ஆபரேஷன் செய்தது, அப்போது செய்தது வலது, அந்தக் கண் இதோ பக்கத்திலேயே வெளுத்துக் கிடக்கிறது, அதைப் பார்க்காமல் இதை மட்டும் பார்க்கப் பழகிக்கொண்டேன், வெட்கங்கெட்டவன் எதற்குத்தான் பழகமாட்டான்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, வருகைப்பதிவு குறைந்து பரீட்சை எழுத விடாமல் கல்லூரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள், வீட்டில் லீவு என்று சொல்லியிருந்தேன், நல்லதாப் போச்சுய்யா, மருந்து ஊத்த ஆளாச்சு என்று அம்மா சந்தோஷப்பட்டாள், தளவாய்புரத்தில் பல வீடுகளைப் போல எங்கள் வீட்டிலும் தையல் மிஷின் ஓடியது, நைட்டிக்குக் கழுத்துப்பட்டி வைப்பாள், ஊசியில் நூல் கோக்க முடியாமல் கண்ணைப் புரை மறைத்த பிறகுதான் ஆபரேஷனுக்கே சம்மதித்தாள், ஒரு நாளைக்கு ஆறு தடவை, சோப்புப் போட்டுக் கை கழுவிட்டு ஊத்தணும், புட்டி மூக்கு எதுலயும் படக்கூடாது என்று நர்ஸ் சொன்னபோது பெரிய மனுஷன் மாதிரித் தலையாட்டினேன்.

கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கம் பழைய செங்கல் சூளை, அங்கே என் கூட்டாளி செண்பகராஜ், அவன் மடியில் கஞ்சாப் பொட்டலம், ரெண்டு இழுப்பு இழுலே, எல்லாம் மெத்துன்னு ஆயிரும் என்பான், ஆகும், உண்மையிலேயே ஆகும், அதுதான் கேடு, பத்து நிமிஷம் உட்கார்ந்ததாக நினைத்து எழுந்தால் வெயில் சாய்ந்திருக்கும், ஓடிவந்தால் மத்தியானச் சொட்டுக்காக அம்மா அதே நாற்காலியில் காத்திருப்பாள், என் செருப்புச் சத்தம் கேட்டதும் ஒரு கேள்வி கேட்காமல் அண்ணாந்துகொள்வாள், கண்ணு ஏன்டா இப்படிச் செவந்துருக்கு என்று எதிர்வீட்டு ராக்கம்மா சித்திதான் ஒருநாள் கேட்டாள், தூசி சித்தி என்றேன், அன்றைக்குத்தான் அந்தப் புத்தி வந்தது, ஆபரேஷன் முடிந்து சிவந்திருந்த அம்மாவின் கண் இந்த மருந்தில்தானே வெளுத்தது, என் கண்ணும் வெளுக்கட்டுமே, கண்ணாடி முன் நின்று நானும் அண்ணாந்தேன், ஒன்று போதாமல் மூன்று, நான்கு, கையாவது கழுவினேனா, நினைவில்லை, மாசம் முழுக்க வர வேண்டிய மருந்து பத்தாம் நாள் தீர்ந்துபோனது.

ஆஸ்பத்திரியில் வேறு புட்டி கேட்டிருக்கலாம், எப்படித் தீர்ந்தது என்பார்களே என்று பயம், புட்டியின் மூக்கைப் பல்லால் நெம்பிக் கழற்றி, அடுப்படிக் குடத்துத் தண்ணீரை நிரப்பி மறுபடி பொருத்தினேன், சொல்லும்போதே உடம்பு கூசுகிறது, நான்கு நாள், அந்த நான்கு நாளும் ஒரு வேளைகூடத் தவறவில்லை, அதில் எனக்கு ஒரு பெருமை வேறு, ஐந்தாம் நாள் அம்மா தலையைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள், கண்ணில் சீழ், மருந்து ஒழுங்கா ஊத்துனீங்களா என்று டாக்டரம்மா என்னைத்தான் கேட்டார், நான் வாயைத் திறப்பதற்குள், இல்லை, நான் திறக்கவே இல்லை, எம்புள்ள ஒரு வேள தப்பாம ஊத்துனான் தாயி, எங்கிரகம் இப்படி ஆயிட்டு என்றாள் அம்மா, கண் போய்விட்டது, செண்பகராஜ் இப்போது காதுக்குள் யாரோ ஏசுவதாகச் சொல்லிக்கொண்டு மாத்திரையில் இருக்கிறான், நான் அந்தப் பக்கம் போவதில்லை, புகையை விட்டேன், வேலைக்குப் போகிறேன், ஊரில் நல்ல பிள்ளை என்று பேர், ஒன்றை மட்டும் இன்றுவரை சொல்லவில்லை.

சொட்டு விழுந்தது, அம்மா எச்சிலை விழுங்கி முகம் சுளிக்கிறாள், கசக்கு என்கிறாள், கண்ணுல ஊத்துனா வாயில எப்படிம்மா கசக்கும் என்று சிரிக்கிறேன், தொண்டைக்கு இறங்கும்லா, அப்பவும் கசந்துச்சு, கடைசி நாலு நாளுதான் கசக்கல, பச்சத் தண்ணி மாதிரி இருந்துச்சு என்கிறாள், குரலில் கோபமே இல்லை, கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன், தெரியுமாம்மா என்கிறேன், மொத நாளே தெரியும்யா, ஒம்மேல அடிச்ச வாடையும் தெரியும், நீயாச் சொல்லுவ சொல்லுவன்னு இருந்துட்டேன், அதுக்குள்ள கண்ணு முந்திக்கிச்சு என்கிறாள், குடத்துத் தண்ணிம்மா, நான்தான் ஊத்துனேன் என்கிறேன், மூன்று வருடம் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வாக்கியம், வெளியே வரும்போது உடைந்துதான் வருகிறது, பாதி கன்னத்துல வழிஞ்சிட்டுய்யா, இன்னொன்னு ஊத்து என்று அம்மா மறுபடி அண்ணாந்துகொள்கிறாள், அண்ணாந்த முகம், பாதி திறந்த வாய், அது எந்தக் கசப்புக்காகத் திறந்திருக்கிறது என்று இப்போதுதான் எனக்குத் தெரிகிறது, கையைக் கழுவிக்கொண்டு வந்து புட்டியைக் கவிழ்க்கிறேன், சொட்டு விழுகிறது, அம்மா விழுங்குவதற்காகக் காத்திருக்கிறேன், கசக்குதாம்மா, கசக்குதாம்மா.